சூரத்தில் ஒரு பர்தா காட்சி

பம்பாய்
10 பிப்ரவரி 1926

என் கண்ணே கமர்,

படம் முடிந்துவிட்டது! தேவதைப் படம், அதுவும் ஒரு பெண்பிள்ளை எடுத்தது, அந்தப் பெண்பிள்ளை உன் கூடப்பிறந்த ஆபா! எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தேவதை கண்ணெதிரே மறைய வேண்டும். நான் கை தட்டியதும் காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்துவார். மற்றவர்கள் சிலையாக நிற்க, தேவதை மட்டும் நழுவிவிடுவாள். பிறகு மறுபடி சுற்றுவார், அவ்வளவுதான் மந்திரம். எங்கள் பூதம் ஒரு பயில்வான். ஆடாமல் நிற்க வேண்டிய நேரத்தில் சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டார். "காமிராதானேம்மா நின்னுச்சு, அரிப்பு நிக்கலையே" என்கிறார். கத்தித் தீர்த்தேன். மேகம் வந்து வெயிலை மறைப்பதற்குள் மறுபடி எடுத்தோம். திரையில் அவள் மறைந்தபோது, எல்லாம் தெரிந்த நானே எங்கே போனாள் என்று எழுந்துவிட்டேன்.

சூரத்துக்கும் வருகிறது. பெண்களுக்கு மட்டும் பர்தா காட்சி உண்டு. நீ பார்க்காமல் வேறு யார் பார்த்து என்ன? வா.

உன் ஆபா,
ரோஷனாரா

சூரத்
17 பிப்ரவரி 1926

அன்புள்ள ஆபாவுக்கு, கமரின் சலாம்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். நீங்கள் நடிக்கப் போன நாளில் மாமியார் சொன்னது மாறவில்லை: "இந்த வீட்டுல அவ பேரு என் காதுல விழக்கூடாது." என் வாயிலிருந்து விழுந்தால், குழந்தையை இங்கே வைத்துக்கொண்டு என்னை உங்களிடம் அனுப்பிவிடுவாராம். செய்யக்கூடியவர்தான். ஆசை இருக்கிறது, வர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கமர்

சூரத்
9 மார்ச் 1926

ஆபா, என் ஆபா!

பார்த்துவிட்டேன்! கூட்டிப்போனதே மாமியார்தான். தெருப் பெண்கள் எல்லாரும் கிளம்பவே அவருக்கும் ஆசை வந்துவிட்டது. எடுத்தது யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் மூச்சு விடவில்லை.

விளக்கு அணைந்து திரையில் எழுத்து வந்தது. பேசாத படத்தில் அதைக் கூட்டத்துக்கு வாசித்துச் சொல்கிறவர் ஆண்பிள்ளை, பர்தா காட்சிக்குள் அவரை எப்படி விடுவார்கள்? இதைக் கொட்டகைக்காரர்கள் யோசிக்கவே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே கூச்சல். மாமியார் என்னை இடித்தார். "நீதான் படிச்சவளாச்சே. எழுந்து சத்தமா வாசி."

ஆபா, முதலில் வந்ததே உங்கள் பேர்தான். விழுங்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு எழுந்தேன், தொண்டை கிழிய வாசித்தேன்: இந்தப் படத்தை எடுத்தவர் ரோஷனாரா.

மாமியார் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். குழந்தையை இறுக்கிக்கொண்டு மற்றதை எல்லாம் வாசித்தேன். தேவதை மறைந்ததும் கொட்டகையே அலறியது. மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்து வக்கீல் வீட்டம்மா திரும்பினார். "யாரு அந்த ரோஷனாரா? ஒரு பொம்பளையா இதெல்லாம் பண்ணா?"

நான் வாயெடுக்குமுன் மாமியார் சொன்னார். "எங்க வீட்டுப் பொண்ணுதான். மருமகளுக்கு அக்கா."

பெருநாளுக்கு உங்களை வரச்சொல்லி எழுதச் சொன்னதும் அவர்தான்.

உங்கள் கமர்