பெரிய பொத்தான் வலப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

தோற்றுவிட்டேன். நான் செய்த மாதிரிக் கருவி அலமாரிக்குள் போகிறது. ஷெங்-யாங் செய்தது வெள்ளிக்கிழமை தைனான் ஆலைக்கு, உடல்கூட்டை வார்க்கும் அச்சு வெட்டப் போகிறது. மின்நூல் கருவிகளோடு இந்த அலுவலகத்தில் பதினொரு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் நான். அவன் வான்கூவரில் வளர்ந்து, போன வருஷம்தான் தைபேயில் வந்து இறங்கினான்!

போதாததற்கு மேலாளர் காவ், “கடைசியா நீயே ஒருதடவை கையில வச்சுப் பாத்து ஒப்புதல் குடுத்துடும்மா. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்கிறார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

மார்ச் 5

குறை கண்டுபிடிக்கவே வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பின்புறம் லேசாகக் குழித்திருக்கிறான். விரல்கள் தானாகப் போய் உட்காருகின்றன. மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இதை வைத்தே வீடுவரை வந்தேன். மணிக்கட்டு வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்திருந்தால்தான் என்ன!

போ-லின் படுக்கையில் மல்லாந்தபடி, “இது மூக்குமேல விழவே மாட்டேங்குதே! உன்னோடது ரெண்டு தடவ விழுந்துச்சு” என்றான்.

“அப்ப அவனையே கட்டிக்க” என்றேன். புருஷனாம் புருஷன்.

மார்ச் 6

மாட்டினான்!

எனக்குப் பிடித்த நாவல் ஒன்றை ஏற்றிப் படித்தேன். மேலிருந்து கீழே, வலமிருந்து இடமாகச் சீன எழுத்து ஓடும் நம்மூர் நாவல். அடுத்த பக்கம் இடப்பக்கம்தானே வரும்? திரைக்குக் கீழே இருக்கும் இரண்டு பொத்தான்களில் அவன் பெரியதை வலப்பக்கம் வைத்து, அதையே ‘அடுத்த பக்கம்’ ஆக்கியிருக்கிறான். என் கட்டைவிரல் இடப்பக்கம் போகிறது. கதை பின்னால் போகிறது. சோதனைக்கென்று அவன் ஏற்றி வைத்தவை எல்லாம் இடமிருந்து வலமாக ஓடும் புத்தகங்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

சொல்ல மாட்டேன். அச்சு வெட்டட்டும். வாங்குகிறவர்கள் கிழி கிழியென்று கிழிக்கட்டும்.

மதியம் பால் தேநீரோடு வந்து நின்றான். “அக்கா, தப்பு இருந்தா இன்னைக்கே திட்டிடுங்க. நாளைக்குத் திட்டினா அழுதுடுவேன்.”

“ஒண்ணுமில்லப்பா. ஜோரா இருக்கு.”

இனிப்புகூட நான் கேட்கிற அளவில் வாங்கி வந்திருந்தான், கடங்காரன்.

மார்ச் 7, வெள்ளி

காலை மெட்ரோவில் அதே நாவல். கதாநாயகி கதவைத் திறக்கப்போகிறாள் — விரல் தவறிப் பழைய பக்கம். மறுபடியும். மறுபடியும். “சே!” என்று கத்தியே விட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

இவ்வளவு அருமையான பெட்டியை இப்படியா கெடுப்பான்? கெடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற நான் யார்? ஆத்திரம் தாங்கவில்லை. நேரே அவன் மேஜைக்குப் போனேன்.

“லூசு! நம்மூர்ப் புஸ்தகம் எந்தப் பக்கம் புரளும்னு தெரியாதா உனக்கு? ரெண்டு பொத்தானையும் ஒரே அளவா வை. எது அடுத்ததுன்னு படிக்கிறவங்க வச்சுக்கட்டும்.”

அவன் முகம் வெளுத்துப்போனது. “ஐயோ அக்கா... நல்லவேளை! எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“இப்பத்தான்.”

அச்சு ஒரு வாரம் தள்ளிப்போனது. காவ் என்னைத்தான் முறைத்தார்.

நவம்பர் 18

கருவி கடைக்கு வந்துவிட்டது. பாராட்டெல்லாம் அவனுக்கு. வயிறு எரிகிறது, எரியாமல் என்ன செய்யும்?

இன்று மெட்ரோவில் எதிரே ஒரு பெண் அதை வைத்திருந்தாள். நம்மூர் நாவல்தான். கட்டைவிரல் இடப்பொத்தானில்; பொத்தானை அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ‘அதை மாற்றச் சொன்னது நான்தான்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் துள்ளி எழுந்தாள். “அய்யய்யோ, என் ஸ்டேஷன் போயிடுச்சே!”

நான் செய்த கருவியில் படித்து யாரும் இறங்கும் இடத்தைத் தவறவிட்டதில்லை.