காற்றைக் கூட்டியவள் நானே

அன்பிற்குரிய மச்சானுக்கு, சலாம்.

நீங்கள் ஜவுளிக்கடையிலிருந்து திரும்புமுன் நான் மலைக்குத் திரும்பும் கரியாலூர்ப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன.

சென்ற ஞாயிறு என் பெயின்ட்பால் திடலில் சாயக்குண்டுத் துப்பாக்கியின் விசை உங்கள் விரலுக்கு இணங்காதபோது, எல்லோர் முன்னிலையிலும், "துணி கிழிக்கிற வெரலுக்கு இவ்ளோதான் வலுவா, மச்சான்?" என்று சிரித்தேன். நீங்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு மலையிறங்கினீர்கள்.

பிறகுதான் அந்தத் துப்பாக்கியைச் சோதித்தேன். அன்று காலை அதன் காற்றழுத்தத்தை மிகுதியாகத் திருகி வைத்தவள் நானே. காற்று மிகுந்தால் வால்வு இறுகும், விசையும் கல்லாகிவிடும். குறைத்தபின் என் சுண்டுவிரலுக்கே இணங்கியது. மிகவும் குறைத்தாலோ குண்டு வெளிவராது. அந்த நடுவளவில் நிறுத்தியிருக்கிறேன்.

இதைச் சொல்லவே நேற்று நம் வீட்டுக்கு வந்தேன். உங்கள் முகம் கண்டதும் வேறெதையோ பேசிவிட்டேன்.

மலையில் மாலையானால் வளைவில் திரும்பும் ஒவ்வொரு பேருந்தின் ஒலிக்கும் என் செவி எழுந்து நிற்கிறது. இறங்குபவர் எவரும் நீங்களல்லர். இந்த ஞாயிறு வாருங்கள்.

சப்ரின்

பி.கு.: சாவி எதிர்வீட்டு அத்தியாவிடம்.

இன்னும் ஒன்று: உடன் சிரித்த வேலையாட்களிடமெல்லாம் தவறு எனதென்று சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் இன்னும் நேரில் சொல்லவில்லை.