கோயில் வாதாமரத்துச் சருகு

1935 பிப்ரவரி 5, செவ்வாய்

கடைசி வண்டிச் சருகும் இன்று தோட்டத்தில் வந்து இறங்கிவிட்டது. வண்டிக்காரர் பாவாடை மாட்டை அவிழ்த்துக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் குப்பைய வெளிய அனுப்புவாங்க. நீங்க வண்டி வெச்சு உள்ள கொண்டாறீங்களேம்மா" என்றார். ரெட்டியார்பாளையத்தில் எனக்குக் குப்பைக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். வைக்கட்டும்.

எங்கள் செம்மண்ணுக்கு எவ்வளவு இறைத்தாலும் போதாது, சல்லடையில் ஊற்றுவது போலத்தான். போன கோடையில் கிணறும் வற்றி, மிளகாயும் காய்ந்து போயிற்று. என் வீட்டுக்காரர் யூஜின் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். இங்கே எல்லாம் அவர் அண்ணன் தனிஸ்லாஸ் மாமா வைத்ததுதான் சட்டம். "இந்தக் கோடையும் காஞ்சுதுன்னா சவுக்கு நட்டுடலாம் ரோசா. நீ எங்க வீட்டோட வந்து இருந்துக்க." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். ஓர்ப்படி அகஸ்டினாவின் அடுப்படியில் ஓரமாக நின்று, ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று அவளைக் கேட்டுக்கொண்டு — என்னால் முடியாது.

மார்கழியில் மாதா கோயில் வாதாமரத்தடியில் சருகுக் குவியலைக் காலால் ஒதுக்கினேன். மழை நின்று எத்தனையோ நாள். அடியில் மண் ஈரமாக இருந்தது. அன்று பிடித்த பைத்தியம் இது. பாத்திக்குக் கீழே ஏரி வண்டலும் தேங்காய் மட்டையும், மேலே சருகு. நடுவில் மிளகாய் நாற்று. பார்ப்போம்.

மார்ச் 11

கிணறு இறங்குகிறது. செடிக்கு அது இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

ஐயோ, என்ன செய்வேன்.

நாளை பங்குச் சாமியார் தோட்டத்தை மந்திரிக்க வருகிறார். வேலைக்கு வரும் சின்னப்பொண்ணு விடிந்ததும் விளக்குமாறோடு இறங்கி, சாலைப் பக்கத்துப் பாத்திகளின் சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டாள். பாதித் தோட்டம் மொட்டை. வாசலில் கோலம் வேறு.

கத்தினேன். பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அவள் விழித்தாள். "ஏம்மா கோவிச்சுக்கறீங்க? சாமியாரு வர எடம் குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அவளை என்ன சொல்வது? மற்ற எந்த வீட்டிலும் இதற்கு அவளைப் பாராட்டியிருப்பார்கள். வாதாமரத்தில் இப்போது பச்சை இலைதான். இனிச் சருகுக்கு எங்கே போவேன்?

ஏப்ரல் 23

சாமியார் தீர்த்தம் தெளித்தார். மொட்டைப் பக்கத்தைப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். கும்பிட்டு வைத்தேன்.

மே 9, வியாழன்

அக்கினி நட்சத்திரம். மொட்டைப் பாத்திகள் பத்து மணிக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடுகின்றன. சருகு மூடிய பாத்திகளில் காய் காயாக நிற்கிறது. அதே கிணறு, அதே ஏற்றம், அதே வெயில். மூன்று மாதமாக நான் ஊருக்கும் மாமாவுக்கும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை சின்னப்பொண்ணு விளக்குமாற்றால் எழுதி வைத்திருக்கிறாள்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வைக்கலாவது கொண்டாந்து போடறேம்மா" என்றாள். மாமா பார்க்கும்வரை வேண்டாம் என்றுவிட்டேன். செடிகள் பாவம்தான்.

மே 20, திங்கள்

வந்தார். வண்டி நிறையச் சவுக்கு நாற்றோடு.

சாலைப் பக்கம் காய்ந்து கிடந்ததைப் பார்த்ததும், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க மாமா" என்றேன்.

உள்ளே பழமும் காயுமாகச் சிவந்து கிடந்தது. மாமா குனிந்து சருகுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்தார். பிசைந்தார். முகர்ந்தார்.

"இதுக்கு எந்தக் கெணத்துத் தண்ணி?"

"ஒரே கெணறுதான் மாமா. அந்தப் பக்கத்துக்கு எறைச்சதுல பாதி கூட இங்க எறைக்கல."

கையில் ஒட்டிய மண்ணைக்கூட உதறாமல் வண்டியில் ஏறினார். சவுக்கு நாற்று வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஜெயித்துவிட்டேன். சின்னப்பொண்ணைக் கட்டிக்கொண்டேன், அவளுக்கு ஏனென்றே புரியவில்லை.

என் அடுப்பில் ரசம் வைத்து என் இஷ்டத்துக்கு உப்புப் போட்டேன். கொஞ்சம் கரித்தது. இருந்தால் என்ன.

1936 பிப்ரவரி 3, திங்கள்

பூசைக்கு முன்பே கோணியோடு கோயிலுக்குப் போனேன். வாதாமரத்தடி பளிச்சென்று இருந்தது. ஓர் இலை இல்லை.

கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை சூசை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "முசே தனிஸ்லாஸ் விடியறதுக்கு முன்னயே வந்து வாரிட்டுப் போயிட்டாரும்மா. கோட்டைக் கழட்டிக் கெளையில மாட்டிட்டு அவரே கூட்டுனாரு."

வழியெல்லாம் கோபம் வந்தது. தோட்டத்துக்கு வந்ததும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மரத்தில் இன்னும் பாதி இலை பழுத்து நிற்கிறது. நாளைக்கு அவருக்கு முன்னால் போய்விட வேண்டும்.