ஒரு நெடில் பிழை

ஹெரோய், நார்வே
14 மே 1963

அன்புள்ள ஆவுனே,

இங்கே நலம். பின்லாந்தில் உன் இருமல் விட்டதா? ஆடுகளை மலைக்கு ஓட்டிவிட்டார்கள். எனக்கு நூலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை. மற்ற நாட்கள் உன் கவிதைகளை மொழிபெயர்ப்பதிலும், எப்போதாவது என் கவிதையை எழுதுவதிலும் நிம்மதியாகப் போகின்றன.

போன கடிதத்தில், போரில் எரிந்த உங்கள் வீட்டையும் உள்ளே அகப்பட்டுக்கொண்ட உன் அண்ணனையும் பற்றி எழுதியிருந்தாய். பதினைந்து வருடச் சிநேகத்தில் முதல் முறையாக. உடனே உன் புத்தகத்தைத் திறந்தேன். ‘காற்று உன் பெயரைச் சொல்கிறது’ என்று நான் மொழிபெயர்த்த வரியில் நீ எழுதியிருந்தது ‘துலி’, உங்கள் மொழியில் நெருப்பு. அதை நெடிலாக்கி ‘தூலி’ என்று வாசித்து, காற்றாக்கிவிட்டேன். எங்கள் மொழி உனக்குத் தெரியாது. நான்கு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இதோடு போகவில்லை. எங்கள் ஊர் போர்கில்டின் கணவர் சிவெர்ட், மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நூலகத்தில் நான் அந்தக் கவிதையை வாசித்தபோது கேட்டவள், தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு வைத்த நினைவுக் கல்லில் அந்த வரியையே வெட்டியிருக்கிறாள்.

இரண்டு நாள் தயங்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

“கவிதை எழுதுறவளுக்கு எழுத்து தெரிய வேணாமாடி?” என்றாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எனக்குக் காபி ஊற்றினாள்.

“எங்க வீட்டுக்காரரு தண்ணியில போனவரு. நெருப்பு அவரை எங்க பாத்துச்சு? எனக்குக் காத்துதான் சரி. ஆனா வரி உன் சிநேகிதியோடது. அவ அண்ணனுக்கு எழுதுனது. வேணாம்னு அவ சொன்னா, கல்லுலேருந்து அதைச் செதுக்கி எடுத்துடறேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்லுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க வலை பின்னிக் காசு சேர்த்தவள் அவள்.

இரண்டாம் பதிப்பில் உன் நெருப்பு அதன் இடத்துக்கு வந்துவிடும், பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். என் பிழையை மன்னித்துவிடு. கல்லைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஒரு முறை வந்து பார்த்துவிடு. ஜூனில் கடல் அமைதியாக இருக்கும். போர்கில்ட் மாடி அறையை உனக்காக இப்போதே ஒழித்து வைத்துவிட்டாள்.

உன் அண்ணன் பெயர் என்ன என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை மட்டுமாவது எழுது.

என்றும் உன்,
குட்னி