மேற்கே பார்த்து நின்ற ஆன்டெனா

மனைவியின் ஹாம் ரேடியோ ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரைச் சரிசெய்து மாடியில் பொருத்தியவன், லேத் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுக்கு ஒரு சீட்டு எழுதினான்.

"சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். மாடிச் சாவி ஆணியில தொங்குது. பேரிங்கை மண்ணெண்ணெய்ல கழுவி, புதுக் குண்டு போட்டு, கிரீஸ் அப்பிட்டேன். ஆனா குண்டு ஓடுற வளையத்துல பள்ளம் விழுந்திருக்கு. ஆன்டெனா எப்பவும் மேற்கயே பார்த்து நின்னு காத்துல ஆடினா அப்படித்தான் ஆகும். மேற்க யாரு இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? ரேடியோவுல தினம் உன்கூடப் பேசுற அந்தத் தீவுக்காரர் தும்மினாக்கூட உனக்குக் கேக்குது. பக்கத்துல உக்காந்து நான் கூப்பிட்டா 'உஷ்'ங்கிற."

படித்துப் பார்த்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. அடியில் பொடி எழுத்தில் சேர்த்தான்.

"பள்ளத்துல குண்டு உக்காராதபடி வளையத்தைத் தள்ளிப் போட்டிருக்கேன். இனி எந்தப் பக்கமும் லேசாச் சுத்தும். மேற்கயும்தான்."

செருப்பு மாட்டியவன் கதவுவரை போய்த் திரும்பி வந்தான். மிச்சமிருந்த ஓரத்தில் சீட்டைச் சாய்த்துப் பிடித்து எழுதினான்:

"தீவுக்காரர் கேட்டா, ரிப்பேர் பண்ணினது என் வீட்டுக்காரர்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."