இருபது கூடை மண்

நங்குலா மேடு
20 ஜூலை 1997

என் தம்பி அகபெல்வாவுக்கு,

இரண்டு கையையும் தட்டி உன் நலம் கேட்கிறேன். நீயும் பதிலுக்குத் தட்டிவிட்டதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளம் வடிந்து வியாழக்கிழமைதான் காட்டுக்கரையிலிருந்து மேட்டுக்குத் திரும்பினோம். ஆறு இந்த வருஷம் நான்கு மாதம் எங்களை அங்கே உட்காரவைத்துவிட்டது. என் வீட்டின் நாணல் சுவரில் பாதி போய்விட்டது, கூரை தப்பித்தது. அடுப்பங்கல் மேல் ஒரு கெளுத்தி செத்துக் கிடந்தது. "வாடகை கொடுத்துட்டுப் போயிருக்கு ஆறு" என்று சிரித்துக்கொண்டே தூக்கி எறிந்தேன்.

மேற்கு ஓரம் சரிந்துவிட்டது. மூன்று வீட்டு இடம் ஆற்றோடு போச்சு. அதில் ஒன்று நம் சித்தப்பா மகன் லுபிந்தாவுடையது. அவன்தான் போன வருஷமே படகு கவிழ்ந்து போய்விட்டானே. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். லுபிந்தா பெண்சாதி முவங்காலாவுக்கு அதுவும் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு காட்டுக்கரையிலேயே தங்கிவிட்டாள். அங்கே மீனும் கிடையாது, தோட்டமும் கிடையாது, கொசு மட்டும் உண்டு.

இப்போது உன் விஷயம். மாமரத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் உனக்காக இருக்கிற இடம் தாழ்ந்துவிட்டது. எல்லா இடமும் காய்ந்த பிறகும் அங்கே மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. மேட்டுத் தலைவர் சிதாலி பெரியப்பா தடியை விட்டுப் பார்த்தார். "ஏ நாசிலேலே, உன் தம்பி எடத்துக்கு மண்ணு போட்டது யாரு? தவளை குடித்தனம் பண்ணுது!" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

மேட்டை உயர்த்த வருஷா வருஷம் வீட்டுக்கு இருபது கூடை மண், வெள்ளத்துக்கு முன்னால். மண் போடாதவனுக்கு மேட்டில் இடம் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தை முவங்காலாவுக்குக் கொடுக்கலாமே என்று பேச்சு வந்துவிட்டது. "அவன் வந்து தன் கையால ஒரு கூடை போடட்டும், பாக்கியை நாங்க போடறோம்" என்கிறார் பெரியப்பா. நவம்பர் கடைசி ஞாயிறு வரைக்கும் தவணை. ஒரு கூடைதானடா. வந்துவிட்டுப் போ.

உன் அக்கா,
நாசிலேலே


கிட்வே, சுரங்கக் குடியிருப்பு
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கெளுத்தி வருகிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா, வெள்ளம் வந்ததும் நாம் படகில் ஏறுகிற நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா மண்சட்டியில் நெருப்பை வைத்து மடியில் இடுக்கிக்கொள்வாள். நீ என் அரைஞாணைப் பிடித்துக்கொண்டே வருவாய். எலிகள் நீந்தி வந்து நம் படகில் ஏறும், நீ துடுப்பால் அடிக்க, கோழிகள் ஒரு பக்கம் ஓட, படகு சாய, அப்பா "எலி இருந்துட்டுப் போகட்டும்டி, நம்மளை முழுகடிச்சிடாதே!" என்று கத்துவார். என் பிள்ளைகளிடம் சொன்னேன். கதை விடுகிறேன் என்கிறார்கள். அதுங்களுக்கு நீந்தக்கூடத் தெரியாது அக்கா.

அந்த இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுவிடாதே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கேதான் வரப்போகிறேன். நாணல் வீடு போதும். வாசல் கிழக்கே பார்த்து, மாமரம் கைக்கெட்டும் தூரத்தில்.

அக்டோபரில் விடுப்பு கேட்டிருக்கிறேன். கட்டாயம் வருவேன். பெரியப்பாவிடம் சொல்.

உன் தம்பி,
அகபெல்வா


நங்குலா மேடு
28 செப்டம்பர் 1997

தம்பி அகபெல்வாவுக்கு,

சொன்னேன். பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "போன அக்டோபரா, வர்ற அக்டோபரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய.

வாயைத் திறக்கவில்லை என்று எழுதினேன் இல்லையா? இப்போது கேள். நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து உன் இருபது கூடையையும் நான்தான் சுமந்தேன். மற்றவர்கள் முடித்துவிட்டு மீன் பிடிக்கப் போன பிறகு மண் எடுக்கிற மடுவில் இறங்கி வெட்டி, தலையில் ஏற்றி, உன் இடத்தில் கொட்டுவேன். யார் கேட்டாலும் "தம்பி ஆளை வெச்சு போடறான்" என்பேன். இருபத்தொரு வருஷம் இந்தப் பொய். போன வருஷம் முழங்கால் வீங்கிவிட்டது. என்னுடையதை மட்டும்தான் போட முடிந்தது. ஒரே வருஷத்தில் உன் இடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உன்மேல் கோபம்தான். மண் யார் போடுகிறார்கள் என்று ஒரு கடிதத்திலாவது நீ கேட்டதுண்டா? மேடு தானாக வளரும் என்று நினைத்தாயா? நீ இந்த மேட்டில்தானே பிறந்தாய்!

முவங்காலாவின் சின்னதுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தயிரும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க தம்பி எப்ப வர்றாராம்?" என்று மட்டும் கேட்டாள்.

எதை எழுதினாலும் உண்மையை எழுது.

அக்கா,
நாசிலேலே


கிட்வே
2 நவம்பர் 1997

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் தலையில் என் மண்ணா? அந்தக் கடிதத்தை என் பெண்சாதியிடம்கூடக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

உண்மையைக் கேட்டாய். சுரங்கக்காரர்கள் இந்தக் குடியிருப்பு வீடுகளை குடியிருக்கிறவர்களுக்கே விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். செங்கல் சுவர், தகரக் கூரை, கதவில் எண். பத்திரம் என் பெயரில். ஆறு மாதமாக உன்னிடம் மறைத்தேன். கையில் இருந்தது எல்லாம் இதிலே போய்விட்டது. விடுப்பையும் வேலை செய்து கழித்தேன். இந்த வருஷம் வர முடியாது.

வீடு இருக்கும்போது மேட்டில் இடம் எதற்கு என்று கேட்பாய். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த வீட்டில் உட்கார்ந்தால் அந்த இடம் ஞாபகம் வருகிறது. பூமிக்கு அடியில் பம்பு பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மாமரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதுதான் இத்தனை வருஷம் என்னை நிமிர்த்தி வைத்தது. அதுவும் இல்லையென்றால் நான் எந்த ஊர்க்காரன் அக்கா?

ஒரு யோசனை செய்தேன். சோளமாவு மூட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். உள்ளே மாவு இல்லை, மண். என் வாசலில் என் கையால் வெட்டியது. பஸ்ஸில் மோங்குவரை வந்து, அங்கிருந்து தபால் படகில் வரும். ஒரு கூடைக்குத் தாராளமாகக் காணும். என் கை பட்ட மண்தானே என்று பெரியப்பாவிடம் சொல். சிரித்தால் சிரிக்கட்டும்.

என்னை விட்டுவிடாதே.

உன் தம்பி,
அகபெல்வா


நங்குலா மேடு
7 டிசம்பர் 1997

என் தம்பி அகபெல்வாவுக்கு,

மூட்டை வந்தது. மாவு என்று நினைத்துப் படகுக்காரன் நனையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டவுன்ல இதையா சாப்பிடறாங்க?" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் எல்லோரும் கூடினோம். முவங்காலாவும் வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் மண்ணைக் கூடையில் கொட்டி நடுவில் வைத்தேன். சிவப்பு சிவப்பாக, அப்படியொரு மண்ணை இந்த மேடு பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கவே வெகு நேரம் ஆனது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். உள்ளே செங்கல் துண்டு ஒன்று இருந்தது, அதைத் தூசி தட்டி என்னிடம் கொடுத்தார்.

"இவ்வளவு தூரம் மண்ணு அனுப்பினவன் இந்த ஊர்ல எவனும் இல்ல. அவன் கை பட்டிருக்கு. எடம் அவனுக்கே இருக்கட்டும்" என்றார்.

ஆமாம் தம்பி. இடம் உனக்கே என்று தீர்ப்பு ஆகிவிட்டது. நீ ஜெயித்துவிட்டாய்.

முவங்காலா படகுத்துறைப் பக்கம் திரும்பி நடந்தாள். பிள்ளை அவள் தோளில் தலை சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு போனது. நான் எழுந்துவிட்டேன். "பெரியப்பா, இருபத்தொரு வருஷமா அங்க மண்ணு போட்டது நான். எல்லாரும் கேட்டுக்குங்க, நான் பொய் சொன்னேன். அந்த எடத்தைக் கொடுக்கற பாத்தியதை யாருக்காவது உண்டுன்னா எனக்குத்தான். முவங்காலாவுக்குக் கொடுக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது, நின்று திரும்பினாள். பெரியப்பாவும் சரி என்று தலையாட்டினார்.

கோபித்துக்கொள். எனக்கும் அழுகை வந்தது. நீ வருவாய், வருவாய் என்று நான் ஒரு குழியைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்குக் கதவில் எண் போட்ட வீடு இருக்கிறது. சந்தோஷமாக இரு, மனசாரச் சொல்கிறேன். மறைத்ததுதான் வலித்தது.

எந்த ஊர்க்காரன் என்று கேட்டாயே. நங்குலாக்காரன்தான், அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. வந்தால் என் வீட்டில் பாய் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டி வா, நீந்தக் கற்றுக்கொடுக்கிறேன்.

உன் மண்ணை வீணாக்கவில்லை. முவங்காலா அடுப்பு போட்ட இடத்தில் அடியில் அதைத்தான் கொட்டினோம். மண் சுமக்க ஊரே வந்தது. சின்னதுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. செங்கல் துண்டை நான் வைத்துக்கொண்டேன்.

என் இருபது கூடையை நேற்று மத்தியானமே முடித்துவிட்டேன். பழக்கத்தில் மறுபடி மடுவில் இறங்கி இருபத்தோராவது கூடையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு மேலே வந்தேன். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அக்கா,
நாசிலேலே