ஒரே கவரில் போடாதே

இன்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுத்தார்கள். கையில் வாங்கியதுமே, சிநேகிதா, உன் சிரிப்புதான் காதில் விழுந்தது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் கவரைப் பார்த்தால் எனக்கு இன்னும் காது சூடாகிறது.

கவரின் மேல் பெயரையும் நன்றி சொல்லும் காரணத்தையும் எழுதுவோம். போதகர் அதைச் சபைமுன் வாசிப்பார். பிள்ளை பாஸ் ஆனது, காய்ச்சல் நின்றது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். ஒரு வருடம் நான் எழுதியது வேறு. "பாலத்துக்குக் கீழே கேரட் கழுவும் ஷெட் எனக்குக் கிடைத்ததற்காக." ஷெட் கிடைக்கவில்லை. உரிமையாளரிடம் பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டால் ஆண்டவர் கொடுக்காமல் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். போதகர் வாசித்தார். முன்வரிசையில் இருந்த இன்னொரு காய்கறி வியாபாரி சத்தமாக ஆமென் சொன்னான். ஆராதனை முடிந்ததும் நேராகப் போய் அந்த ஷெட்டைப் பேசி முடித்துவிட்டான்.

அன்று டீக்கடையில் நீ என் தோளில் கைபோட்டாய். ஆறுதல் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன்.

"நீ எங்கேப்பா நன்றி சொன்னே? அட்வான்ஸ் குடுத்தே. குடுத்துட்டு ரசீது கேக்கறே."

"அது விசுவாசம்டா."

"விசுவாசமா? ஆண்டவரு பேசாம இருந்தாரு. பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்."

கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நான் நேர் எதிர் எல்லைக்குப் போனேன். இருப்பதே போதும், இனி எதற்கும் ஆசைப்படமாட்டேன் என்று முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு திரிந்தேன். தோட்டத்து மண்ணோடு கேரட்டை மூட்டை கட்டி, வந்த விலைக்குத் தள்ளினேன். அதைத் தாழ்மை என்று சொல்லிக்கொண்டேன். நீதான் மூட்டைமேல் உட்கார்ந்து அந்த வேஷத்தை உடைத்தாய்.

"இது தாழ்மை இல்லப்பா, கோவம். கேட்டது கெடைக்கலைன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டே. வேணும்னா வேணும்னு கேளு. கெடச்சதுக்கு நன்றி சொல்லு. ரெண்டையும் ஒரே கவருல போடாதே."

நீ தேயிலை பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்தாய். லீவு நாட்களில் பழைய இரும்பு டிரம் ஒன்றைத் தூக்கிவந்து, ஓட்டை போட்டு, மோட்டார் பொருத்தி, என் வீட்டுக்குப் பின்னாலேயே கழுவும் மெஷின் செய்தாய். முதல்நாள் கிரீஸும் ஈரமண்ணும் கலந்த வாசனையோடு கேரட் பளபளவென்று உருண்டு விழுந்தது. அந்த ஞாயிறு, "ஆண்டவர் தந்த சிநேகிதனுக்காக" என்று எழுதினேன். போதகர் வாசித்தபோது நீ மப்ளரை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டாய்.

அந்த டிரம்மில் தொடங்கியதுதான் இன்று இரண்டு ஷெட், நான்கு மெஷின். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு விலைக்கு வந்திருக்கிறது. எனக்கு அது வேண்டும். மறைப்பானேன், ரொம்பவே வேண்டும்.

"இன்னும் எத்தனைதானுங்க வேணும் உங்களுக்கு?" என்கிறாள் மனைவி. அவள் கேட்பதில் தப்பில்லை. இது பேராசையா என்று நானும் பல நாள் யோசித்தேன். கடைசியில் உன் பேச்சை வைத்து ஒரு சோதனை செய்தேன். கிடங்கு கைநழுவினாலும் அடுத்த ஞாயிறு கவரில் எழுத என்னிடம் ஏதாவது இருக்குமா? யோசித்துப் பார்த்தால் கவரில் இடம் போதவில்லை. அதனால் தைரியமாகக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். காலையில் முழங்காலில் நின்று, கேட்பதைக் கேட்பதாகவே கேட்டேன். நாளை முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய் விலை பேசுகிறேன்.

கவரில் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பழைய டிரம் இன்றும் சுற்றுவதற்காக" என்று எழுதிப் போட்டேன். போதகர் வாசித்ததும் முன்வரிசையிலிருந்து அதே வியாபாரி திரும்பி என்னை உற்றுப் பார்த்தான். இந்தமுறை ஓடிப்போய்ப் பிடிக்க அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் ஆமென் சொன்னான். நானும் சொன்னேன்.